தொகுத்தவர், தொகுப்பித்தவர், விடப்பட்டவர்

"மறக்கப்பட்ட பெண் ஓவியர் மீண்டும் கண்டெடுக்கப்பட்டார்." பத்துப் பதினைந்து ஆண்டுகளாக உலகின் பெரிய ஓவியக் காட்சிகளைப் பற்றி வரும் எழுத்துகளில் இந்த வாக்கியத்தை ஏதாவதொரு வடிவத்தில் படித்துக்கொண்டே இருக்கிறேன். இலக்கணம் கற்பிக்கிறவள் என்பதால் எனக்கு முதலில் உறுத்துவது அதன் வினை. மறக்கப்பட்டார். செயப்பாட்டுவினை. செய்தவர் யாரென்று சொல்ல வேண்டிய கட்டாயம் இதில் இல்லை. பேருந்தில் குடையை விட்டுவிட்டு இறங்குவதுபோல் ஒரு தலைமுறைப் பெண்களை யாரும் மறந்துவிட்டு வருவதில்லை. அதற்குக் கூட்டம் போட வேண்டும், பட்டியல் எழுத வேண்டும், சில பெயர்களை அடிக்க வேண்டும், சுவரை அளக்க வேண்டும், "வருந்துகிறோம்" என்று கடிதம் அனுப்ப வேண்டும். மெனக்கெட்டுச் செய்த வேலை அது. அந்த வேலைக்குக் கண்காட்சி என்று பெயர்.

நவீன ஓவிய வரலாறு என்று நாம் படிப்பதைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள், அடியில் கண்காட்சிகளின் பட்டியல் ஒன்று தெரியும். 1863இல் பாரிஸின் அதிகாரபூர்வ சலோன் தள்ளிய படங்களுக்கென்றே நடந்த காட்சி. 1874இல் புகைப்படக்காரர் நாதாரின் பழைய ஸ்டூடியோவில் இம்ப்ரெஷனிஸ்டுகள் வைத்த முதல் காட்சி. 1913இல் நியூயார்க்கின் ஆர்மரி காட்சி. 1937இல் மியூனிக்கில் நாஜிகள் நவீன ஓவியத்தைக் கேவலப்படுத்துவதற்கென்று வைத்த 'சீரழிந்த கலை'. இந்த ஆண்டுகளைக் கோத்தால் பாடநூலின் அத்தியாயங்கள் வந்துவிடுகின்றன. இம்ப்ரெஷனிஸ்டுகள் மொத்தம் எட்டுக் காட்சிகள் நடத்தினார்கள். பெர்த் மொரிசோ அவற்றில் ஏழில் கலந்துகொண்டார். மோனே கலந்துகொண்டது ஐந்தில். 1895இல் மொரிசோ இறந்தபோது அவருடைய இறப்புச் சான்றிதழில் தொழில் எதுவும் இல்லை என்று எழுதினார்கள்.

படம் வரைந்து முடித்ததும் வரலாற்றுக்குள் போய்விடுவதில்லை. முதலில் யாரோ தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வான படத்தை நன்றாகப் புகைப்படம் எடுப்பார்கள், கேட்டலாக்கில் அச்சடிப்பார்கள். பத்திரிகைகள் எழுதும். ஓர் அருங்காட்சியகமோ பணக்காரரோ அதை வாங்குவார். வாங்கியவருக்குத் தன் முதலீட்டின் மதிப்பு இறங்கக் கூடாது, ஆகவே அடுத்த காட்சிக்கு அதை இரவல் தருவார். காட்சி முடிந்து ஆணிகளைப் பிடுங்கிய பிறகு மிஞ்சுவது கேட்டலாக்தான். முப்பது ஆண்டு கழித்து வருகிற ஆய்வாளர் அதைத்தான் மேசையில் விரித்து வைக்கிறார். அவருடைய நூலிலிருந்து பாடநூல், பாடநூலிலிருந்து தேர்வுக் கேள்வி. தேர்வாகாத படத்துக்கு இந்த வண்டியில் ஏறவே இடமில்லை. அது வீட்டில் கிடக்கும். பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போது பரணிலிருந்து பழைய பித்தளையோடு இறங்கும்.

சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியில்லை. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஒருவர் தேர்ந்தெடுக்கிறார், இன்னொருவர் செலவைப் பார்த்துக்கொள்கிறார். மூன்றாவதாக ஒரு சாரார் உண்டு, அவர்களைப் பற்றித் தேர்வில் கேள்வி வருவதில்லை. தொகைக்குள் வராதவர்கள். வெள்ளிவீதியாரும் ஒக்கூர் மாசாத்தியாரும் நமக்குக் கிடைத்திருப்பது அவர்கள் பாட்டு தொகையில் இருந்ததால். இல்லாத பெண்கள் எத்தனை பேர்? உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டியதால் தப்பிய சில வரிகள் தவிர, தொகைக்கு வெளியே நின்ற பாட்டு நம் கைக்கு வரவில்லை. தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்ற இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு நியூயார்க் வரைக்கும் போகலாம்.

நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம், சுருக்கமாக மோமா, 1929இல் தொடங்கியது. தொடங்கியவர்கள் மூன்று பெண்கள்: ஆபி ஆல்ட்ரிச் ராக்ஃபெல்லர், லில்லி பிளிஸ், மேரி க்வின் சல்லிவன். தொகுப்பித்தவர்கள். தொகுத்தவர் அவர்கள் நியமித்த முதல் இயக்குநர், இருபத்தேழு வயது ஆல்ஃப்ரெட் பார். 1936இல் பார் 'க்யூபிசமும் அரூபக் கலையும்' என்ற காட்சியை நடத்தினார். அதன் கேட்டலாக்கின் மேலுறையில் ஒரு வரைபடம் போட்டார். மேலிருந்து கீழாக 1890 முதல் 1935 வரை ஆண்டுகள், நடுவில் இயக்கங்களின் பெயர்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறிகள். செஸான், வான்கோ, கோகன், சூரா என்று மேலே தொடங்கி எல்லாம் கீழே இரண்டு வகை அரூபத்தில் வந்து முடியும். பார்ப்பதற்கு வம்சாவளி மரம் மாதிரியே இருக்கும், தந்தை வழியில் மட்டும் எழுதிய வம்சாவளி. அதில் ஓவியர் சிற்பியர் பெயர்கள் சில இருக்கின்றன. ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. ஆப்பிரிக்கச் சிற்பத்துக்கு ஒரு பெட்டி, ஜப்பானிய அச்சோவியத்துக்கு ஒரு பெட்டி, ஆனால் அவற்றைச் செய்தவர்களுக்குப் பெயர் கிடையாது. பெண்களுக்குப் பெட்டியும் கிடையாது.

ஒரு மேலுறைப் படத்தை இவ்வளவு பெரிதுபடுத்துவானேன் என்று கேட்கலாம். அந்த ஒற்றைத் தாளைப் பார்த்துத்தான் பல தலைமுறை ஆசிரியர்கள் கரும்பலகையில் அம்புக்குறி போட்டார்கள். உலகம் முழுக்க அருங்காட்சியகங்களின் அறைகளும் கிட்டத்தட்ட அந்த வரிசையில்தான் அமைந்தன. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நீங்கள் நடப்பதே ஒரு வாதம்: இதிலிருந்து அது பிறந்தது. அறையில் இல்லாதவர் எதையும் பெறவுமில்லை, எதையும் பெற்றுத்தரவுமில்லை.

இனி ஹில்மா ஆஃப் கிளிண்ட். 1862இல் பிறந்த ஸ்வீடன்காரர். ஸ்டாக்ஹோமின் அரச கலைக் கழகத்தில் முறையாகப் பயின்று 1887இல் வெளிவந்தவர், நிலக்காட்சிகளும் உருவப்படங்களும் வரைந்து பிழைத்தவர். 1906இல் அரூபப் படங்கள் தீட்டத் தொடங்கினார். உலகின் முதல் அரூபப் படம் என்று காண்டின்ஸ்கி பின்னாளில் உரிமை கோரிய படத்தை அவர் தீட்டுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே. 1907இல் ஹில்மா தீட்டிய 'பத்துப் பெரியவை' வரிசையில் ஒவ்வொரு படமும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். 1944இல் இறந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை அண்ணன் தம்பி வழிப் பிள்ளையிடம் விட்டுச் சென்றார். தான் இறந்து இருபது ஆண்டுகள் வரை அவற்றைக் காட்ட வேண்டாம் என்று குறிப்பு இருந்தது.

ஹில்மாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் பிடித்த இடம் இந்த இருபது ஆண்டுக் கதை. மர்மமாக இருக்கிறது, பெட்டிக்குள் பூட்டிய புதையல் மாதிரி. பழியும் கச்சிதமாக அந்த அம்மாள் தலையிலேயே விழுந்துவிடுகிறது: அவரேதான் ஒளித்துவைத்தார், நாங்கள் என்ன செய்ய? நான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். இருபது ஆண்டுகள் 1964இல் முடிந்தன. 1970இல் குடும்பத்தினர் அந்தப் படங்களை ஸ்டாக்ஹோமின் நவீன கலை அருங்காட்சியகத்துக்கு இலவசமாகவே கொடுக்க முன்வந்தார்கள். அருங்காட்சியகம் வேண்டாம் என்றது. ஆவிகளோடு பேசியவர் வரைந்த படங்கள் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. 1986இல், லாஸ் ஏஞ்சலிஸில், கலையில் ஆன்மிகம் பற்றிய ஒரு காட்சியில்தான் அவை முதன்முதலாகப் பரவலான பார்வைக்கு வந்தன. அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு கழித்து, 2012 டிசம்பரில், மோமா 'அரூபத்தைக் கண்டுபிடித்தல்' என்று ஒரு பெருங்காட்சி நடத்தியது. காலவரையறை 1910 முதல் 1925. பாரின் பழைய வரைபடத்துக்குப் பதிலாகப் புதிய வலைப்படம் ஒன்று போட்டார்கள், அதில் சோனியா தெலோனே, கொஞ்சரோவா முதலிய பெண்கள் இருந்தார்கள். ஹில்மா இல்லை. தன் படங்களைக் கலை என்று அவரே நினைத்தாரா என்பது சந்தேகம் என்றது காட்சியமைத்த தரப்பு.

ஆவியோடு பேசுவது அவ்வளவு பெரிய தடை என்றால் காண்டின்ஸ்கியை என்ன செய்வது? கலையில் ஆன்மிகம் பற்றி ஒரு நூலே எழுதியவர் அவர். மோந்திரியான் தியாசபிகல் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர். அந்தச் சங்கம் நம் அடையாறில் தலைமையகம் வைத்திருப்பதுதான், அதன் நூல்களை ஹில்மாவும் படித்தார். ஆண் படித்தால் அது தத்துவப் பின்புலம், பெண் படித்தால் சாமியாட்டம். இன்னொரு வாதமும் உண்டு: அவர் படங்கள் அந்தக் காலத்தில் காட்சிக்கு வரவில்லை, பிற ஓவியர்களைப் பாதிக்கவில்லை, ஆகவே வரலாற்றில் இடமில்லை. காட்டாததால் வரலாற்றில் இல்லை, வரலாற்றில் இல்லாததால் காட்ட மாட்டோம். செக்குமாடு நடக்கிற பாதை இது. இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு என்பதை மறுக்கவில்லை. யார் யாரைப் பாதித்தார் என்பது மட்டுமே வரலாறு என்றால் அவருக்கு இடம் குறைவுதான். என் சண்டை அந்த 'மட்டுமே'யோடு.

2018 அக்டோபரில் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் ஹில்மாவின் பெருங்காட்சி தொடங்கியது. முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அந்த அருங்காட்சியகத்தின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். ஒரு தற்செயல் இங்கே பேசப்பட்டது: ஹில்மா தன் படங்களுக்கென்று சுழன்றேறும் பாதை கொண்ட ஒரு கோயிலைக் கற்பனை செய்திருந்தார், குகன்ஹைம் கட்டடமும் சுழன்றேறும் பாதைதான். தற்செயல் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் கட்டடம் எழக் காரணமாக இருந்தவர் ஹில்லா ரெபே என்ற பெண் ஓவியர். அதன் முன்னோடி அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் அவர். ஆன்மாவுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று 1943இல் ஃபிராங்க் லாய்ட் ரைட்டுக்கு எழுதியவரும் அவரே. பணம் போட்ட சாலமன் குகன்ஹைம் 1949இல் இறந்தார், 1952இல் ரெபே பதவியை விட்டு விலக நேர்ந்தது. 1959இல் கட்டடம் திறந்தபோது அது குகன்ஹைம் பெயரில் இருந்தது, ரைட்டின் சாதனை என்று புகழப்பட்டது. மோமாவில் தொகுப்பித்தவர்கள் பெண்கள். இங்கே தொகுத்தவர் பெண். இரண்டு இடத்திலும் பெண் இருந்த பக்கம்தான் சரித்திரத்தில் சின்ன எழுத்தானது.

அந்த ஆறு லட்சம் பேரைப் பார்த்து மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கொண்டாட்டத்திலும் ஓர் அடித்தல் நடந்தது. ஹில்மா தனியாக உட்கார்ந்து தவம் செய்தவரல்ல. 'ஐவர்' என்று ஐந்து பெண்கள் சேர்ந்த குழுவில் ஒருவர். மற்ற நால்வர் ஆன்னா கசெல், கொர்னேலியா சேடர்பெர்க், சிக்ரிட் ஹேட்மன், மத்தில்டா நில்சன். ஆண்டுக்கணக்கில் ஒன்றாகக் கூடி வரைந்து எழுதியவர்கள். சில படங்களில் கசெல் முதலியோரின் கையும் உண்டு என்று ஆய்வாளர்கள் இப்போது வாதிடுகிறார்கள். கண்காட்சிக்கு இது வசதிப்படாது. சுவரொட்டியில் ஒரு பெயர் வேண்டும், நுழைவுச்சீட்டில் ஒரு முகம் வேண்டும். ஆண் மேதை என்ற அச்சைக் கழுவி அதிலேயே பெண் மேதையை வார்க்கிறார்கள். ஐந்து பெண்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்த காரியத்தை மாட்ட அவர்களிடம் ஆணி இல்லை.

வகுப்பில் இதைச் சொன்னால், "அது வெள்ளைக்காரங்க கதை மேடம்" என்று யாராவது சொல்வார்கள். பம்பாய்க்கு வருவோம். இந்திய நவீன ஓவியத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் முற்போக்கு ஓவியர் குழு 1947இல் அமைந்தது. சூசா, ரஸா, ஹுசைன், ஆரா, காடே, பாக்ரே. ஆறு ஆண்கள். 1953இல் அந்தக் குழுவின் காட்சியில் ஒரு பெண்ணின் படங்களும் இருந்தன. அவர் பெயர் பானு ராஜோபாத்யே. அப்புறம் அவர் சினிமாவுக்கு உடை வடிவமைக்கப் போனார், பானு அத்தையா ஆனார், 'காந்தி' படத்துக்காக 1983இல் ஆஸ்கர் வாங்கினார், அதை வாங்கிய முதல் இந்தியர். இந்தக் கடைசி விவரம் பொது அறிவுப் புத்தகம் படித்த எல்லாருக்கும் தெரியும். ஓவியர் பானுவைப் பற்றிப் பரவலாக எழுதப்பட்டது, 2020இல் அவர் இறந்து, விட்டுச் சென்றவை ஏலத்துக்கு வந்த பிறகு. ஏலத்துக்கு வந்தால் வரலாறு தேவைப்படுகிறது, விலை சொல்ல வேண்டுமே. பானு துணியை எடுத்துக்கொண்டதும் கலைஞர் கணக்கிலிருந்து கழிந்துவிட்டார். துணி, நூல், கோலம், பாய், பொம்மை ஆகியவை கைவினை என்ற வேறு கட்டடத்துக்குப் போக வேண்டியவை என்ற பிரிவினையை ஒரு முற்போக்குக் குழுவும் கேள்வி கேட்கவில்லை.

1981இல் பம்பாயிலும் டெல்லியிலும் 'மக்களுக்கான இடம்' என்ற பொருளில் 'ப்ளேஸ் ஃபார் பீப்பிள்' காட்சி நடந்தது. மனித உருவத்தை, கதையை, அரசியலை ஓவியத்துக்குள் திரும்பக் கொண்டுவந்தது என்று இன்றுவரை எல்லா நூலிலும் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆறு பேரில் ஒரே பெண் நளினி மலானி. அதற்கான கட்டுரையை எழுதியவரும் ஒரு பெண், விமர்சகர் கீதா கபூர். நளினி மலானி பெண்களின் பெரிய காட்சி ஒன்றை நடத்த முயன்று, ஆதரவு கிடைக்காமல், கடைசியில் அர்பிதா சிங், நீலிமா ஷேக், மாத்வி பரேக் மூவரோடு தானும் சேர்ந்து நான்கு பேராக 1987இல் போபாலில் 'த்ரூ தி லுக்கிங் கிளாஸ்' காட்சியைத் தொடங்கினார். அது ஊர் ஊராகப் போனது. யாரும் அழைக்காமல், தாங்களே தொகுத்து, தாங்களே தொகுப்பித்துச் செய்த காட்சி. முதல் காட்சிக்கு அத்தியாயம் கிடைத்தது. இரண்டாவது காட்சி நெடுங்காலம் அடிக்குறிப்பில் இருந்தது.

சென்னைக்கு வந்தால் எனக்கு இன்னும் வாய் நீளும். தமிழ் இலக்கியம் படித்த எங்களுக்கு நவீன ஓவியம் அறிமுகமானது காட்சிக்கூடத்தில் இல்லை, சிறுபத்திரிகையிலும் கவிதைத் தொகுப்பின் அட்டையிலும். ஆதிமூலம், பாஸ்கரன், மருது. அவர்கள் கோடுகள் மேல் எனக்கு மதிப்பு உண்டு, அந்தக் கோடுகள் இல்லாமல் எங்கள் தலைமுறையின் வாசிப்பே இல்லை. ஆனால் அட்டையும் ஒரு சுவர்தானே? நம்முடைய இலக்கிய உலகமே நடத்திய கண்காட்சி அது, பல பத்தாண்டு ஓடியது. அதில் எந்தப் பெண் மாட்டப்பட்டார்? மாணவிகளிடம் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த பெண் ஓவியர் ஒருவர் பெயரைக் கேளுங்கள். டி.கே. பத்மினி என்று ஒருவராவது சொன்னால் நான் காபி வாங்கித் தருகிறேன். பொன்னானிப் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் பணிக்கரிடம் பயின்றவர். 1969இல் பிரசவத்தில் இறந்தார். முப்பது வயதுகூட நிறையவில்லை. கேரளம் அவரை வைத்திருக்கிறது, படங்களைச் சேகரித்திருக்கிறது, அவர் வாழ்க்கையைத் திரைப்படமாகவும் எடுத்தது. அவர் பயின்ற ஊரின் கதையில், சோழமண்டலக் கலைஞர் கிராமத்தைத் தொட்டுத் தொடரும் அந்தப் பெரிய கதையில், அவர் எங்கே?

சரி, பெண்களுக்கு மட்டும் தனிக் காட்சி வைத்துவிடலாமே என்பார்கள். வைத்திருக்கிறார்கள். 1943இல் பெக்கி குகன்ஹைம் நியூயார்க்கில் 31 பெண்களின் காட்சியை நடத்தினார். ஜார்ஜியா ஓகீஃபை அழைத்தபோது, பெண் ஓவியர் என்ற அடைமொழி வேண்டாமென்று மறுத்துவிட்டார். அவர் கோபம் புரிகிறது, ஆனால் அவர் மறுத்தது எனக்கு உவப்பில்லை. பெயரை நிறுவிவிட்டவருக்கு மறுக்க முடிந்தது, மற்றவர்களுக்கு அந்தச் சுவர் தேவைப்பட்டது. 1971இல் லிண்டா நொக்லின் மாபெரும் பெண் கலைஞர்கள் ஏன் இல்லை என்ற கேள்வியைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டு எழுதினார். 1976இல் ஆன் சதர்லாண்ட் ஹாரிஸோடு சேர்ந்து 1550 முதல் 1950 வரையிலான பெண் ஓவியர்களைத் திரட்டி லாஸ் ஏஞ்சலிஸில் காட்சி வைத்தார். அந்தக் கேட்டலாக் இல்லாவிட்டால் இன்று பாதி பேர் ஆய்வேடு எழுத முடியாது. 2009இல் பாரிஸின் பொம்பிடூ மையம் தன் நிரந்தரச் சேகரிப்புக் கூடத்தில் ஆண்களின் படங்களைக் கழற்றிவிட்டுப் பெண்களின் படங்களை மாட்டியது. 2011இல் முடிந்தது. ஆண்கள் வீடு திரும்பினார்கள்.

எனக்கு இது நன்றாகத் தெரிந்த ஏற்பாடு. பல ஆண்டுகளாக ஜனவரி கடைசியில் எனக்குத் தொலைபேசி வரும். "மார்ச் மகளிர் சிறப்பிதழுக்கு ஒரு கவிதை வேணும்." மற்றப் பதினொரு மாதமும் அந்தப் பத்திரிகைகளுக்குக் கவிதையே தேவைப்படாது என்று நினைத்துவிடாதீர்கள். தனிக் காட்சி வேண்டும். அது கதவைத் தட்டுகிற சத்தம். ஆனால் தட்டிய சத்தத்தையே வரவேற்பு என்று அருங்காட்சியகம் கணக்குக் காட்டும்போது அதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. சோதனை நிரந்தரக் கூடத்தில் இருக்கிறது: திருவிழா முடிந்து பந்தல் பிரித்த மறுநாள், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில், சுவரில் யார் இருக்கிறார்?

எண்ணிப் பார்ப்பதைப்போல அவர்களுக்கு எரிச்சலூட்டுவது வேறெதுவும் இல்லை. 1984இல் மோமா சமகால ஓவியம், சிற்பம் பற்றிய ஒரு பன்னாட்டுக் காட்சியை வைத்தது. 160க்கும் மேற்பட்ட கலைஞர்களில் பெண்கள் 13 பேர். மறு ஆண்டு கொரில்லா முகமூடி போட்ட பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், கொரில்லா கேர்ள்ஸ். 1989இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் எண்ணி, நவீன கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாணப் படங்களில் பெண் உடல்கள் 85 சதவீதம் என்று சுவரொட்டி அடித்தார்கள். தரம் பார்க்கிறோம், எண்ணிக்கை பார்ப்பதில்லை என்பது அப்போதும் பதில், இப்போதும் பதில். 2022 வெனிஸ் பியெனாலேயில் செசிலியா அலெமானி தேர்ந்தெடுத்த 213 கலைஞர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 1895இல் தொடங்கிய காட்சியில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. அன்றைக்கு மட்டும் எல்லாரும் எண்ணினார்கள்.

எனக்கு வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுகிற சின்ன அட்டையில் ஓவியர் பெயர், ஆண்டு, ஊடகம், கொடுத்தவர் பெயர் எல்லாம் போடுகிறார்கள். அதோடு இன்னொரு வரியும் வேண்டும். இந்தப் படம் எந்த ஆண்டு, எந்த இடத்தில், யாரால் மறுக்கப்பட்டது. ஸ்டாக்ஹோமில் ஹில்மாவின் படத்தருகே "1970இல் இந்த அருங்காட்சியகம் இவற்றைக் கொடையாகவும் ஏற்கவில்லை" என்று எழுதி வைக்கட்டும். கொடுத்தவர் பெயர் போடுகிற அட்டையில் மறுத்தவர் பெயருக்கும் இடமிருக்கும். கேட்டலாக்கின் கடைசியில் நன்றிப் பட்டியல் நான்கு பக்கம் போடுகிறார்கள், தேர்வுக்கு வந்து தள்ளுபடியானவர்களின் பட்டியலுக்கு இரண்டு பக்கம் தரட்டும்.

இந்த நூலின் அட்டைக்குப் பெண் ஓவியர் ஒருவரின் படத்தைப் போடச் சொல்லிப் பதிப்பாளரிடம் கேட்டிருக்கிறேன். ஐந்து பெயர்களும் அனுப்பியிருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்.